கொல்கத்தாவில் எத்தனை மணிக்குச் சாப்பிடுவது

கொல்கத்தாவுக்கு வேலையாகவோ கல்யாணத்துக்காகவோ இரண்டு மூன்று நாள் போகிறவர்கள் எல்லோரும் கேட்பது, எங்கே சாப்பிடலாம் என்றுதான். எத்தனை மணிக்குச் சாப்பிடலாம் என்று கேட்டால் பதில் சொல்வது சுலபம். அந்த ஊரில் ஒவ்வொரு பண்டத்துக்கும் ஒரு வேளை உண்டு. வேளைக்குப் போய் நின்றால் சந்து முனைக் கடையில் கிடைப்பதே அபாரமாக இருக்கும். வேளை தப்பினால் ஆறியதும் மிஞ்சியதும்தான் தட்டில் விழும்.

நான் போனது ஜனவரியில். நாடு முழுக்க ஒரே கடிகாரம் என்பதால், கிழக்கே இருக்கிற கொல்கத்தாவில் பொழுது சீக்கிரம் விடிந்து சீக்கிரம் சாய்ந்துவிடுகிறது. குளிர்காலத்தில் மாலை ஐந்து, ஐந்தேகாலுக்கெல்லாம் சூரியன் இறங்கிவிடும். கோடையில் காலை ஐந்து மணிக்கே நல்ல வெளிச்சம். அதனால் காலைச் சந்தையும் சரி, சாயங்காலப் பலகாரமும் சரி, நமக்குப் பழகிய நேரத்துக்கு முன்பாகவே தொடங்கிவிடுகின்றன. எட்டரைக்கு எழுந்து, தங்கின இடத்திலேயே பிரெட் ஆம்லெட்டை முடித்துக்கொண்டு பத்து மணிக்கு வெளியே வருகிறவருக்கு அந்த ஊரின் பாதிச் சாப்பாடு கண்ணிலேயே படாது.

தங்குவதற்கு எல்லோரும் பார்க் ஸ்ட்ரீட் பக்கம் போகச் சொல்வார்கள். சாப்பாடுதான் முக்கியம் என்றால் சென்ட்ரல், மகாத்மா காந்தி ரோடு என்ற இரண்டு மெட்ரோ நிலையங்களை ஒட்டி அறை எடுங்கள். டிரெட்டா பஜார், பவ்பஜார், காலேஜ் ஸ்ட்ரீட் மூன்றும் நடக்கிற தூரம். வடக்கே சோபாபஜார், ஷியாம்பஜார், தெற்கே எஸ்பிளனேட், பார்க் ஸ்ட்ரீட், காளிகாட் எல்லாம் அதே மெட்ரோ பாதையில் வரிசையாக இருக்கின்றன. நாட்டிலேயே முதலில், 1984-ல், ஓடத் தொடங்கிய மெட்ரோ அது. மத்தியான நெரிசலில் டாக்ஸியை நம்பிக் கிளம்பினால் நீங்கள் போய்ச் சேருவதற்குள் நல்ல மீன் தீர்ந்துபோய்விடும்.

காலையிலிருந்து வருகிறேன்.

டிரெட்டா பஜார் லால்பஜார் போலீஸ் தலைமையகத்துக்குப் பக்கத்தில், பொத்தார் கோர்ட் கட்டடத்தை ஒட்டிய தெரு. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அங்கே சீனக் காலைச் சாப்பாடு விற்பார்கள். எட்டு, எட்டரைக்குப் பிறகு போனால் காய்கறிக் கடைகள்தான் இருக்கும். இந்த ஊரில் சீனர்கள் இரண்டு நூற்றாண்டுக்கும் மேலாக வாழ்கிறார்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் டாங் அச்சியூ என்கிற வியாபாரி ஹூக்ளிக் கரையில் சர்க்கரை ஆலை போட்டார். அந்த இடத்துக்கு இன்றைக்கும் அச்சிப்பூர் என்றே பெயர். தோல் பதனிடுவதும் செருப்புத் தைப்பதும் தச்சு வேலையுமாக அவர்கள் பிழைத்த தெருக்களில் மிச்சமிருப்பதுதான் இந்தச் சந்தை.

தரையில் கீரையும் முள்ளங்கியும் பரப்பியிருப்பவர்களுக்கு நடுவே ஆவிபறக்கும் அலுமினியப் பாத்திரங்கள். பன்றிக்கறி வைத்த பன், ஷுமாய் என்கிற கறிக் கொழுக்கட்டை, அரிசி மாவுப் பலகாரங்கள், கொடியில் தொங்குகிற சாசேஜ். சீனக் குடும்பங்கள் குறைந்துகொண்டே வருவதால் இப்போது பல தட்டுகளில் வெறும் மோமோதான். மோமோ கொல்கத்தா முழுக்கக் கிடைக்கிறது, அதற்காக விடியற்காலையில் எழ வேண்டாம். மீன் உருண்டை சூப் வைத்திருக்கிற அம்மாவைத் தேடிப்பிடியுங்கள். தெளிந்த சாறு, வெங்காயத்தாள், பஞ்சாக அமுங்குகிற வெள்ளை உருண்டைகள், மேலே கொஞ்சம் மிளகுத்தூள். குளிருக்கு அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றபடி குடிக்க வேண்டும். எனக்கு அந்தச் சந்தையில் மனசுக்குப் பிடித்தது அதுவும் பன்றிக்கறி பன்னும் மட்டும். அவை இரண்டுக்காகவே இன்னொரு ஞாயிறும் போவேன்.

மற்ற நாட்களில் காலைக்குக் கச்சூரி. நம் ஊர்களில் வடக்கத்திக் கடைகளில் விற்கிற, மொறுமொறுவென்று கெட்டியான கச்சூரியை மனத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள். இங்கே அது பூரியைப் போல மெல்லிசு. உள்ளே பருப்பு அரைத்துப் பெருங்காயம் போட்டு ஒரு பூச்சு. குளிர்காலத்தில் பச்சைப் பட்டாணியை அரைத்து வைப்பார்கள். மாவுக்குள்ளிருந்து இளம்பச்சை தெரியும், வாயில் வைத்தால் பட்டாணியின் இனிப்பு முதலில் வரும். ஜனவரியில் அதைத்தான் கேட்க வேண்டும். காலேஜ் ஸ்ட்ரீட் பக்கத்தில் இருக்கிற புட்டிராம் இதற்குப் பேர்போன கடை. அங்கே கச்சூரிக்கும், உளுந்து வைத்த பூரியான ராதாபல்லபிக்கும் கடலைப் பருப்புக் கூட்டு தருகிறார்கள், கொஞ்சம் இனிப்பாக, ஊடே தேங்காய்ப் பல். பருப்பில் சர்க்கரையா என்று முகம் சுளிக்காமல் இரண்டு வாய் சாப்பிட்டுப் பாருங்கள். மூன்றாவது வாயில் அது சரியாகத்தான் இருக்கும்.

அதற்கு மேல் தெருவோரத்தில் மண் குவளையில் டீ. குவளை சின்னது, நாலு மடக்கில் முடிந்துவிடும். அதனால்தான் அந்த ஊர்க்காரர்கள் ஒரு நாளைக்கு எத்தனை டீ குடிக்கிறோம் என்று கணக்கே வைத்துக்கொள்வதில்லை. பால் டீ கெட்டியாக இருக்கும். மத்தியானத்துக்கு மேல் எலுமிச்சையும் கறுப்பு உப்பும் போட்ட பாலில்லா டீ கிடைக்கிறது, எண்ணெய்ப் பலகாரம் சாப்பிட்ட வயிற்றுக்கு அது ரொம்ப நல்லது.

இனி மத்தியானம். கொல்கத்தாவில் ஒரே ஒரு வேளைதான் சாப்பிட முடியும் என்று யாராவது சொன்னால் நான் மத்தியானத்தைத் தேர்ந்தெடுத்து, ஒரு பைஸ் ஹோட்டலுக்குப் போகச் சொல்வேன்.

சில்லறைக் காசுக்குச் சோறு போட்ட காலத்தில் தொடங்கிய மெஸ்கள் இவை. கிராமத்திலிருந்து படிக்கவும் குமாஸ்தா வேலைக்கும் வந்த ஆண்களுக்காக ஏற்பட்டவை. எல்லாவற்றுக்கும் தனித்தனி விலை. சோறு ஒரு விலை, பருப்பு ஒரு விலை, மீனுக்கு மீன் ஒரு விலை, சில இடங்களில் வாழை இலைக்கும் எலுமிச்சைத் துண்டுக்கும்கூட. வேண்டியதை மட்டும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். மிச்சம் வைக்கவும் தேவையில்லை, இலவசம் என்று அள்ளிப் போட்டுக்கொள்ளவும் தேவையில்லை. இந்த ஏற்பாட்டை நான் மனதார மதிக்கிறேன். பத்து ரூபாய் குறைவாக வைத்திருக்கிறவரும் பக்கத்தில் மூன்று வகை மீன் வாங்குகிறவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரே சமையலைச் சாப்பிடுகிறார்கள்.

காலேஜ் ஸ்ட்ரீட்டில் பிரசிடென்சி கல்லூரிக்கு (இப்போது பல்கலைக்கழகம்) பக்கத்துச் சந்தாகிய பவானி தத்தா லேனில் ஸ்வாதீன் பாரத் இந்து ஹோட்டல் இருக்கிறது. ஒடிசாவிலிருந்து வந்த ஒருவர் தொடங்கியது. முன்பு வெறும் இந்து ஹோட்டல், சுதந்திரத்துக்குப் பிறகுதான் முன்னால் ஸ்வாதீன் பாரத் சேர்ந்தது. சுபாஷ் சந்திர போஸ் மாணவராக இருந்தபோது இங்கே வந்து சாப்பிட்டதாக ஊரில் சொல்வார்கள். ஜான்பஜார் பக்கம் சித்தேஸ்வரி ஆசிரமம், தெற்கே ராஷ்பிஹாரி பக்கம் தருண் நிகேதன் ஆகியவையும் இதே வகை. எதற்குப் போனாலும் பன்னிரண்டரைக்கு உள்ளே இருங்கள். சின்ன மீன்கள் முதலில் தீரும். இரண்டு மணிக்குப் போனால் ரோகுவும் கத்லாவும்தான் மிஞ்சும். அவையும் நல்ல மீன்கள்தான், ஆனால் அவற்றை எங்கேயும் சாப்பிடலாம்.

பட்டியல் பலகையில் வங்காள எழுத்தில் இருக்கும். படிக்கத் தெரியாவிட்டால் குறையில்லை, பரிமாறுகிறவர் மூச்சுவிடாமல் ஒப்பிப்பார். நான் எனக்குத் தெரிந்த இந்தியில், "தாதா (அண்ணா), இன்றைக்கு எது நன்றாக இருக்கிறது?" என்று கேட்டேன்.

"கொய் இருக்கிறது. காலிஃபிளவர் போட்ட குழம்பு." என் முகத்தைப் பார்த்துவிட்டு, "முள் எடுக்கத் தெரியுமா?" என்றார்.

"தெரியும், தாதா."

"அப்படியானால் பார்ஷேயும் வாங்கிக்கொள்ளுங்கள்."

கொய் என்பது நம் பனையேறிக் கெண்டை. தண்ணீரை விட்டு வெளியே வந்தும் வெகுநேரம் உயிரோடிருக்கிற மீன். குளிர்காலத்துக் காலிஃபிளவரோடு அதைச் சேர்ப்பது வங்காளிகளின் பழைய வழக்கம். நான் கடல் மீன் தின்று வளர்ந்தவன். ஆற்று மீன் என்றாலே சேற்று வாடை என்று எங்கள் வீட்டில் ஒரு பேச்சு உண்டு. கொய்யில் அது துளியும் இல்லை. சதை கெட்டியாக, கொஞ்சம் இனிப்பாக இருந்தது. குழம்பில் இஞ்சியும் சீரகமும் தெரிந்தன, புளி கிடையாது. பார்ஷே விரல் நீளத்துக்குக் கொஞ்சம் மேலே இருக்கும் மீன். கடுகை அரைத்து, பச்சை மிளகாயைக் கீறிப் போட்டு, மேலே பச்சைக் கடுகெண்ணெய் ஊற்றியிருந்தார்கள். முதல் வாயிலேயே காரம் நாக்கில் நிற்காமல் நேராக மூக்குக்கு ஏறியது. நம் மிளகாய்க் காரம் போல அது தங்குவதில்லை, ஒரு நொடியில் இறங்கிவிடுகிறது. இறங்கினதும் அடுத்த வாய்க்குக் கை போகிறது.

ஒரு விஷயம் கவனியுங்கள். சோற்றைக் குவித்து எல்லாவற்றையும் மேலே ஊற்றிப் பிசைய வேண்டாம். இங்கே சாப்பாட்டுக்கு ஒரு வரிசை இருக்கிறது. முதலில் கசப்பு. பாகற்காய், முருங்கைக்காய், வாழைக்காய், பருப்பு வடகம் என்று போட்டுச் சமைக்கிற ஷுக்தோவைக் கொஞ்சம் சோற்றோடு. அப்புறம் பருப்பு, கூட ஒரு வறுவல். மீன் தலை போட்ட பாசிப்பருப்பு கிடைத்தால் விடாதீர்கள். வறுத்த பாசிப்பருப்பின் வாசனையும் மீன் தலையின் கொழுப்பும் சேர்ந்து, அதற்கு மேல் எதுவும் வேண்டாம் என்று இருக்கும். அப்புறம் காய், அப்புறம் மீன், கறி இருந்தால் கறி. கடைசியில் தக்காளியோ பேரீச்சையோ போட்ட இனிப்புச் சட்னியும் அப்பளமும். ஒவ்வொன்றுக்கும் சோற்றில் ஒரு பங்கு ஒதுக்கி வைத்துக்கொண்டே போக வேண்டும். கசப்பில் தொடங்குவதால் நாக்கு சுத்தமாகி, அடுத்தடுத்து வருவதெல்லாம் தனித்தனியாகத் தெரிகிறது. இதைச் சரியாகச் செய்தவர்களுக்கு ஒரு சாப்பாட்டில் ஆறு சாப்பாட்டின் ருசி கிடைக்கும்.

இலிஷ் பற்றி எல்லோரும் கேட்பார்கள். அது மழைக்காலத்து மீன். ஜூலை முதல் செப்டம்பர் வரை போகிறவர்கள் கேட்டு வாங்குங்கள். குளிர்காலத்தில் கிடைப்பது பெரும்பாலும் ஐஸில் வைத்தது, அதற்குக் கொடுக்கிற விலையில் இரண்டு பார்ஷேயும் ஒரு இறாலும் வாங்கலாம். எனக்கு இரண்டு மீன், பருப்பு, ஷுக்தோ, சட்னி எல்லாம் சேர்ந்தும் 300 ரூபாயைத் தாண்டவில்லை. பரிமாறினவர் எதையும் எழுதி வைக்கவில்லை. எழுந்து கல்லாவுக்கு நடந்தபோது பின்னாலிருந்தே நான் சாப்பிட்டதை வரிசையாக ஒப்பித்தார், ஒன்றுகூட விடுபடவில்லை.

இதற்கு நேர் எதிரான ஓர் இரவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தெரிந்தவர் ஒருவர் அன்போடு ஒரு பெரிய மாலில் இருக்கிற வங்காள உணவகத்துக்கு அழைத்துப்போனார். வெண்கலத் தட்டு, சுற்றிலும் கிண்ணங்கள், மெல்லிய இசை. தட்டு பார்க்க அழகு. ஆனால் அத்தனை கிண்ணமும் ஒரே நேரத்தில் வந்ததால் நாலாவது கிண்ணத்துக்குப் போவதற்குள் மீதியெல்லாம் ஆறிவிட்டது. கடுகு மீனில் காரத்தைக் குறைத்துத் தேங்காய்ப்பாலும் கிரீமும் சேர்த்திருந்தார்கள். வெளியூர்க்காரருக்கு ஒத்துக்கொள்ளாது என்று யாரோ முடிவு செய்திருக்க வேண்டும். அந்த ஒரு தட்டின் விலைக்குப் பைஸ் ஹோட்டலில் நாலு பேர் சாப்பிடலாம். பணத்தை விட எனக்கு வருத்தம், அந்தச் சமையலின் வரிசையே அங்கே தொலைந்து போனதுதான்.

சாப்பிட்டு முடித்தால் காலேஜ் ஸ்ட்ரீட்டிலேயே இருங்கள். பழைய புத்தகக் கடைகளில் ஒரு மணி நேரம் போவது தெரியாது. அதன் பிறகு காலேஜ் ஸ்கொயர் குளத்துக்கு எதிரே பாரமவுண்ட். 1918 முதல் சர்பத் விற்கிற கடை. சலவைக்கல் மேசைகளும் சுவரில் பழைய படங்களுமாக ஒரே ஒரு கூடம். வேதியியல் அறிஞர் பிரபுல்ல சந்திர ராய் சொல்லிக் கொடுத்த பக்குவம் என்று அவர்கள் பெருமையாகச் சொல்கிற இளநீர்ச் சர்பத்தை வாங்குங்கள். இளநீரில் சர்க்கரைப் பாகும் ஐஸும், அடியில் வழுக்கைத் துண்டுகள். இளநீரில் எதற்குச் சர்க்கரை என்று கேட்கிற பரம்பரையில் வந்த எனக்கே அது பிடித்திருந்தது. வழுக்கையைக் கரண்டியால் எடுத்துத் தின்றுவிட்டுக் கடைசி மடக்கைக் குடியுங்கள்.

பக்கத்திலேயே மாடியில் இந்தியன் காபி ஹவுஸ், பழைய ஆல்பர்ட் ஹாலில். 1942-ல் காபி ஹவுஸாகத் தொடங்கி, 1958 முதல் தொழிலாளர்களின் கூட்டுறவுச் சங்கம் நடத்துகிறது. சத்யஜித் ராயும் அமர்த்தியா சென்னும் உட்கார்ந்து பேசிய கூடம். தலைப்பாகையும் இடுப்புப் பட்டையும் கட்டிய பரிமாறுபவர்கள், உயரத்திலிருந்து நீளக் கம்பியில் தொங்கும் மின்விசிறிகள், சுவரில் தாகூர். நம் டிகாஷன் காபியை மனத்தில் வைத்துக்கொண்டு போக வேண்டாம், இது வேறு வகை. இன்ஃப்யூஷன் என்று கேட்டால் பாலில்லாத கறுப்புக் காபி வரும், அதுவே இந்த இடத்துக்குப் பொருத்தம். மேல்மாடி வராந்தாவில் இடம் பிடித்தால் கீழே மொத்தக் கூடமும் தெரியும். யாரும் எழுந்திருக்கச் சொல்ல மாட்டார்கள். அரசியலும் கவிதையும் காதலுமாக ஒரு நூறு குரல்கள் ஒன்றாக எழும்பி வருகிற சத்தம் இருக்கிறதே, அதற்காகத்தான் அங்கே போக வேண்டும். நாலு மணிக்குப் போனால் மாணவர்கள் நிறைந்திருப்பார்கள்.

ஐந்து மணிக்கு இருட்டத் தொடங்கியதும் ஊர் முழுக்க எண்ணெய்ச் சட்டி ஏறும். இதைத் தவறவிட்டுவிட்டு ராத்திரிச் சாப்பாட்டுக்கு வயிற்றைக் காலியாக வைத்திருக்கிறவர்களை நான் தடுத்து நிறுத்தியிருக்கிறேன். கத்தரிக்காய், வெங்காயம், உருளைக்கிழங்கு என்று கடலை மாவில் பொரிக்கிற தெலேபாஜாவைப் பொரியோடு சேர்த்துத் தாளில் மடித்துத் தருவார்கள். வடக்குக் கொல்கத்தாவில் லக்ஷ்மி நாராயண் ஷா என்கிற கடை ஒவ்வொரு ஜனவரி 23-ஆம் தேதியும், நேதாஜி பிறந்த நாளுக்காக, இதை இலவசமாகவே கொடுக்கிறது.

அதற்கடுத்த படி கேபின்கள். கேபின் என்றால் சாப், கட்லெட் விற்கிற பழைய சிறு உணவகங்கள், வெள்ளைக்காரன் தின்பண்டத்தை வங்காளி தன் கைக்குப் பழக்கிக்கொண்ட இடங்கள். சோபாபஜார் மெட்ரோவில் இறங்கினால் மித்ரா கஃபேயும் ஆலன் கிச்சனும் பக்கம் பக்கம். ஆலன் கிச்சனில் இறால் கட்லெட். ஒரு முழு இறாலைத் தட்டி விரித்து, மெல்லிய மாவில் தோய்த்து நெய்யில் பொரிக்கிறார்கள். வாலைப் பிடித்துக்கொண்டு சாப்பிட வேண்டியது. ரொட்டித்தூள் கவசம் ஏதுமில்லாததால் பல் நேராக இறாலுக்கே போகிறது. இந்தப் பயணத்தில் ஒரே தட்டை இரண்டாம் முறை கேட்டு வாங்கினது இங்கேதான். மித்ரா கஃபேயில் கபிராஜி கட்லெட். அடித்த முட்டையைச் சூடான எண்ணெயில் தாரையாக விட்டு, அது வலைபோலப் பொங்கி வரும்போது கட்லெட்டை அதிலேயே சுற்றி எடுப்பார்கள். தொட்டுக்கொள்ளக் காசுந்தி, அதாவது புளித்த கடுகு விழுது. தக்காளி சாஸைத் தள்ளிவைத்துவிட்டு அதைத் தொடுங்கள். கொடுவா மீன் ஃபிஷ் ஃப்ரைக்கும் அதுதான் ஜோடி.

புச்கா சாப்பிட வயிற்றில் இடம் வைக்க வேண்டும். மற்ற ஊர்ப் பானி பூரியில் இல்லாத புளிப்பு இதில் இருக்கிறது. மசித்த உருளைக்கிழங்கில் காரத்தையும் கொண்டைக்கடலையையும் நம் கண் முன்னாலேயே பிசைந்து, புளித் தண்ணீரில் முக்கி, ஒவ்வொன்றாக இலைத் தொன்னையில் வைப்பார். நாம் தின்று முடித்தால்தான் அடுத்தது. தெற்கே விவேகானந்தா பார்க் இதற்குப் பேர்போனது. கூட்டம் அதிகமாக இருக்கிற வண்டியையே பாருங்கள், தண்ணீர் சீக்கிரம் தீர்ந்து புதிதாகக் கலக்கப்படும்.

ராத்திரியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இவ்வளவுக்கும் பிறகு யாருக்கும் பெரிய பசி இருக்காது. நியூ மார்க்கெட் பின்னால் நிஜாமில் ஒரு ரோல் போதும். பரோட்டாவில் கம்பியில் சுட்ட கறியைச் சுற்றிக் கொடுக்கிற வழக்கம் அங்கே தொடங்கியதாகத்தான் ஊர் சொல்கிறது. பிரியாணி வேண்டுமென்றால் ஒரு ராத்திரியை அதற்கென்றே ஒதுக்குங்கள். 1856-ல் ஆங்கிலேயர் அயோத்தி நவாப் வாஜித் அலி ஷாவின் நாட்டைப் பறித்துக்கொண்ட பிறகு அவர் கொல்கத்தாவின் மெட்டியாபுருஸில் வந்து தங்கினார். கூடவே லக்னோ சமையல்காரர்களும் வந்தார்கள். அந்த வழியில் வந்தது கொல்கத்தா பிரியாணி. மசாலா கம்மி, தாழம்பூ வாசனை தூக்கல், உள்ளே ஒரு பெரிய முழு உருளைக்கிழங்கு. நம் சீரகச் சம்பா பிரியாணியின் காரத்தைத் தேடுகிறவர்களுக்கு இது சப்பென்று தோன்றலாம். உருளைக்கிழங்கை உடைத்துப் பாருங்கள், கறியின் சாறு முழுவதும் அதற்குள் இறங்கியிருக்கும். நாகோதா பள்ளிவாசல் பக்கத்தில் 1905 முதல் இருக்கிற ராயல் இந்தியன் ஹோட்டலில் மட்டன் சாப்பை ருமாலி ரொட்டியோடு சாப்பிட்டேன். எனக்கு அது பிரியாணியைவிட உயர்வாகப் பட்டது.

சைவம் சாப்பிடுகிறவர்கள் பயப்பட வேண்டாம். லூச்சி என்கிற மைதா பூரி, கடலைப் பருப்பு, கசகசா அரைத்துப் போட்ட உருளைக்கிழங்கு, கடலைப் பருப்பு வடையைக் குழம்பில் இட்ட தோக்கார் டால்னா, வாழைப்பூக் கூட்டு எல்லாம் பைஸ் ஹோட்டலிலேயே கிடைக்கும். வெங்காயம் பூண்டு இல்லாததும் உண்டு. ஆனால் பருப்பில் மீன் தலை இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு வாங்குங்கள். இட்லிக்கு நாக்கு ஏங்கினால் லேக் மார்க்கெட் பக்கம் தமிழர்கள் பல காலமாக வாழ்கிற இடம், டிபன் கடைகள் இருக்கின்றன. இரண்டு மூன்று நாள் பயணத்தில் அந்தப் பக்கம் போக வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

இனிப்புக்கு மணிக்கணக்கு கிடையாது, மாதக்கணக்கு உண்டு. நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை ஈச்ச மரத்தைச் சீவிப் பதநீர் இறக்கிக் காய்ச்சுகிற நொலேன் குர் வெல்லம் வரும். அந்த மாதங்களில் ஊரின் எல்லா மிட்டாய்க் கடைகளும் வெள்ளையிலிருந்து பழுப்புக்கு மாறிவிடுகின்றன. கருப்பட்டி வாசனை தெரிந்த நமக்கு அந்த வெல்லத்தை விளக்கவே வேண்டாம். புகையும் கொஞ்சம் தேனும் கலந்த மாதிரி, கருப்பட்டியைவிட மென்மை.

வடக்குக் கொல்கத்தாவில் ஹெதுவா பக்கம் கிரீஷ் சந்திர தே, நகூர் சந்திர நந்தி கடைக்குக் கட்டாயம் போங்கள். 1844-லிருந்து சந்தேஷ் மட்டுமே விற்கிறார்கள், ரசகுல்லா கேட்டால் கிடைக்காது. கம்பி போட்ட ஜன்னல் வழியாகக் கொடுப்பார்கள், வாங்கினவர்கள் தெருவிலேயே நின்று சாப்பிடுகிறார்கள். பாலைத் திரித்து வடிகட்டின சானாவைச் சர்க்கரையோடோ வெல்லத்தோடோ கிளறி எடுப்பதுதான் சந்தேஷ். அவ்வளவே அதில் இருப்பது. அதில் ஜல்பரா என்று ஒன்று, கடித்தால் உள்ளேயிருந்து வெல்லப் பாகு வழியும். முழுதாக வாயில் போட்டுக்கொண்டால் சட்டை பிழைக்கும். ரசகுல்லாவுக்கு ஷியாம்பஜாரில் சித்தரஞ்சன் மிஷ்டான்ன பண்டார். டப்பாவில் அடைத்ததை மட்டும் சாப்பிட்டு அது ரப்பர் போல இருக்கும் என்று நினைப்பவர்கள் இங்கே ஒன்றை விண்டு பார்க்க வேண்டும். 2017-ல் வங்காளத்து ரசகுல்லாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது, இரண்டு வருடம் கழித்து ஒடிசாவின் ரசகோலாவுக்கும் தனியாகக் கிடைத்தது. இந்தச் சண்டையில் நான் எந்தப் பக்கமும் இல்லை, இரண்டும் வேறு வேறு பண்டங்கள். குளிர்காலத்தில் மட்டும் வரும் ஜெயநகர் மோயாவும் வாங்குங்கள், வாசனை நெல்லின் பொரியை நொலேன் குர்ரில் உருட்டினது.

வீட்டுக்கு வாங்கிவருவதற்கு ஒரு யோசனை. சந்தேஷில் நரம் பாக், கடா பாக் என்று இரண்டு பதம் உண்டு. நரம் பாக் மிருது, வாங்கின அன்றே தின்ன வேண்டியது. கடா பாக் கெட்டியாகக் கிளறினது, கூடுதல் நாள் தாங்கும். ஊருக்கு ரயிலில் வர ஒரு நாளுக்கு மேல் ஆகிறது என்பதால் கடா பாக் மட்டும் கட்டித் தரச் சொல்லுங்கள். அதுவும் கிளம்புகிற அன்று காலையில் போய் வாங்குங்கள். மண் சட்டியில் விற்கிற இனிப்புத் தயிரை ஊருக்குக் கொண்டுவர ஆசைப்படாதீர்கள். மரக் கரண்டி ஒன்று கேட்டு வாங்கி, கடை வாசலிலேயே முடித்துவிடுங்கள்.